பேச வருகிறது, எழுத வரவில்லை
கல்லூரிக்கு முந்திய ஆங்கில வகுப்பு: புதிதாக வந்தோருக்குச் சில குறிப்புகள்

கனடாவுக்கு வந்து இரண்டு மூன்று வருடங்களைக் கடந்த எம்மவரிடம் "ஆங்கிலம் எப்படிப் போகிறது?" என்று கேட்டால், "கதைக்கச் சமாளிப்பேன், எழுதத்தான் ஏலாது" என்ற பதிலே பெரும்பாலும் வரும். வேலைத்தலத்தில் மேற்பார்வையாளருடன் கதைக்கிறார்கள். வைத்தியரிடம் பிள்ளையின் காய்ச்சலை விளங்கப்படுத்துகிறார்கள். வங்கிக்கும் தபாற் கந்தோருக்கும் துணையில்லாமல் போய் வருகிறார்கள். ஆனால் ஒரு பக்கத்தில் கட்டுரை எழுது என்றால் பேனை நகர மறுக்கிறது.

இது சிறிய விடயமல்ல. யுத்தத்தினாலும் இடப்பெயர்வினாலும் உயர்தரப் படிப்பை இடையில் விட்டவர்கள் எம்மில் பலர். தாதியாகவோ, மின்சாரத் தொழிலாளராகவோ, கணக்காளராகவோ, சிறுவர் பராமரிப்பு ஆசிரியராகவோ வர விரும்புபவர் இங்கே கல்லூரி வாசலை மிதித்தேயாக வேண்டும். அந்த வாசலில் முதலில் நிற்பது பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம். அதைத் தாண்ட முடியாமல் இரவு வேலையிலேயே பத்து வருடங்களைக் கழித்தவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களுக்கு அறிவு குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை. எழுதும் முறையை யாரும் அவர்களுக்குப் படிப்படியாகக் காட்டவில்லை என்பதே குறை. ஒன்ராறியோ மாகாணத்தை உதாரணமாக வைத்து அதை இங்கு பார்ப்போம்.

எந்த வாசலால் போவது?

ஒன்ராறியோவில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் இரண்டு முக்கிய பாடங்கள் உண்டு. பல்கலைக்கழகம் செல்வோருக்கானது ஈ.என்.ஜி. 4யு. கல்லூரி செல்வோருக்கானது ஈ.என்.ஜி. 4சி. பெரும்பாலான கல்லூரிப் படிப்புகளுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஒரு பாடம் 110 மணித்தியாலங்கள் கொண்டது. மொத்தப் புள்ளிகளில் 70 வீதம் வகுப்பு நடக்கும் காலத்தில் செய்யும் வேலைகளுக்கும், 30 வீதம் இறுதி மதிப்பீட்டுக்கும் வழங்கப்படுகிறது. ஊரில் போல வருட முடிவில் ஒரு பரீட்சையை எழுதித் தப்பிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு கிழமையும் எழுதுவதற்குப் புள்ளி உண்டு.

பாடசாலை வயதைத் தாண்டியவர்கள் கல்விச் சபைகள் நடத்தும் வயது வந்தோர் பாடசாலைகளில் இப்பாடத்தைப் படிக்கலாம். ஊரில் படித்த படிப்பை மதிப்பிட்டுப் புள்ளித் தகுதி வழங்கும் முறையும் அங்கு உண்டு. எனவே பழைய சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இன்னொரு வழி, மாகாணத்தின் அரச கல்லூரிகளிலேயே நடக்கும் கல்வி மேம்பாட்டு வகுப்புகள். தகுதி உள்ளவர்களிடம் இதற்குக் கட்டணம் அறவிடுவதில்லை. முடிவில் கிடைக்கும் ஏ.சி.ஈ. சான்றிதழைக் கல்லூரிகள் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக ஏற்கின்றன. 19 வயதைத் தாண்டியவர்கள் உயர்தரப் பாடசாலைச் சான்றிதழ் இல்லாமலே முதிர்ந்த மாணவராக விண்ணப்பிக்கவும் முடியும். ஆனால் அங்கும் ஆங்கிலத் தகுதியைக் காட்ட வேண்டியிருக்கும். முன்னர் பலர் எழுதிய ஜி.ஈ.டி. பரீட்சை 2024 இல் கனடாவில் நிறுத்தப்பட்டது. அதன் இடத்துக்குக் கனேடிய வயது வந்தோர் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை வந்துள்ளது. அதன் ஐந்து பாடங்களில் எழுத்தும் தனியான ஒரு பாடம்.

அடிப்படை ஆங்கிலத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு 1992 இல் ஆரம்பிக்கப்பட்ட லிங்க் வகுப்புகள் இருக்கின்றன. நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களும் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் இதில் சேரலாம். அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்கள் மாகாண அரசின் ஈ.எஸ்.எல். வகுப்புகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வழக்கு முடியட்டும் என்று சும்மா இருந்து வருடங்களை இழக்க வேண்டியதில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். குடியுரிமைக்கு 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது பேச்சிலும் கேட்டலிலும் நான்காம் நிலை மாத்திரமே. எழுத்து அங்கு பார்க்கப்படுவதில்லை. கனேடிய மொழி அளவுகோலில் 12 நிலைகள் உள்ளன. கல்லூரிக்கு வேண்டிய எழுத்து அந்த நான்காம் நிலையைவிடப் பல படிகள் மேலே இருக்கிறது. "சிற்றிசன் கிடைத்துவிட்டது, ஆங்கிலம் போதும்" என்று வகுப்பை நிறுத்துவோர் இதை யோசிக்க வேண்டும்.

எமக்கு மட்டும் ஏன் இந்தத் தடுமாற்றம்?

தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில உண்டு. அவை மொழியறியாமையால் மட்டும் வருவன அல்ல. தமிழின் நல்ல பழக்கங்களை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோவதாலும் வருவன.

முதலாவது, நீண்ட வாக்கியம். "காலையில் எழும்பி, பிள்ளையை வெளிக்கிடுத்தி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போனேன்." தமிழில் இது அழகான ஒரே வாக்கியம். ஐந்து வினைகள் இருந்தும் முற்றுப்பெறும் வினை ஒன்றுதான். இதையே ஆங்கிலத்தில் ஐந்து முழு வினைகளாக எழுதி, இடையில் வெறும் காற்புள்ளி போட்டால், ஆசிரியர் சிவப்பு மையால் "ரன் ஓன்" என்று எழுதிவிடுவார். இரண்டு மூன்று வாக்கியங்களாகப் பிரித்துவிடுவதே எளிய மருந்து.

இரண்டாவது, அதற்கு நேர் எதிரானது. "நான் பிந்தி வந்தேன். ஏனென்றால் பஸ் வரவில்லை." தமிழில் குற்றமில்லை. ஆங்கில எழுத்தில் "பிகோஸ்" என்று தொடங்கும் காரணப் பகுதி தனியாக நிற்க முடியாது. முதல் வாக்கியத்துடன் அதைச் சேர்த்தே எழுத வேண்டும். தனியே விட்டால் அது அரை வாக்கியம்.

மூன்றாவது, "எ", "த" என்ற சின்னஞ் சிறு சொற்கள். தமிழில் இவற்றுக்கு நேரான சொற்கள் இல்லாததால் விட்டுவிடுகிறோம். "ஐ போற் எ கார். த கார் இஸ் ஓல்ட்." முதல் முறை சொல்லும்போது அது ஏதோ ஒரு கார். இரண்டாம் முறை வாசகருக்குத் தெரிந்த அந்தக் கார். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாவிட்டாலும், இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழை குறையும்.

நான்காவது, வினையின் வால். "மை பிறதர் வேர்க்ஸ்" என்பதில் வரும் அந்த "ஸ்" பேச்சில் காதில் விழுவதே அரிது. எழுத்தில் அது இல்லாவிட்டால் உடனே கண்ணில் படும். தமிழில் "அவன் போகிறான், அவள் போகிறாள்" என்று ஒவ்வொருவருக்கும் வினையை மாற்றி எழுதும் எமக்கு இந்த ஒரு எழுத்து பெரிய பாரமல்ல.

ஐந்தாவது, ஆண், பெண். தாயையும் தகப்பனையும் மரியாதையாக "அவர்" என்றே எழுதிப் பழகியவர்கள் ஆங்கிலத்தில் "ஹீ", "ஷீ" இரண்டையும் மாற்றிவிடுவது வழமை. எழுதி முடித்தபின் இதற்காகவே ஒரு தரம் வாசித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு தமிழ், இரண்டு ஆங்கிலம்

மனந்தளர வேண்டியதில்லை. எமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. "வந்திட்டன்" என்று கதைத்து, "வந்துவிட்டேன்" என்று எழுதும் சமூகம் நாம். பேச்சுக்கு ஒரு மொழி, எழுத்துக்கு ஒரு மொழி என்பதைச் சிறு வயதிலேயே படித்துவிட்டோம். ஆங்கிலமும் அப்படித்தான். வேலைத்தலத்தில் கேட்கும் "கொனா", "வொனா" என்பவை பேச்சுக்குரியவை. கட்டுரையில் அவை "கோயிங் ரு", "வோன்ற் ரு" என்று முழுமையாக வர வேண்டும். கதைப்பதுபோல எழுதக் கூடாது என்பதை எமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

பந்திதான் அத்திவாரம்

கல்லூரிக்கு முந்திய வகுப்பில் முதலில் பழக்குவது பந்தி எழுதுவதை. ஒரு பந்திக்கு ஒரு கருத்து. முதல் வாக்கியத்திலேயே அக்கருத்தைச் சொல்லிவிட வேண்டும். பின் காரணம், அதன்பின் உதாரணம், கடைசியில் முடிவு. தமிழிலேயே ஒன்றை எழுதிப் பார்ப்போம்:

"வேலை செய்யும் பெற்றோருக்கு மாலை வகுப்பே பொருத்தமானது. பகலில் அவர்கள் வேலையை விட்டு வர முடியாது. உதாரணமாக, காலை ஏழு மணி முதல் மூன்று மணி வரை தொழிற்சாலையில் நிற்கும் ஒரு தாய், ஆறு மணி வகுப்புக்குச் சமைத்துவிட்டே வரலாம். பிள்ளைகளைக் கணவர் பார்த்துக்கொள்ளவும் முடியும். ஆகவே கல்விச் சபைகள் மாலை வகுப்புகளைக் கூட்ட வேண்டும்."

ஐந்து வாக்கியங்கள். ஒன்றுகூட வழி விலகவில்லை. இதே சட்டத்தில் ஆங்கிலத்திலும் எழுதலாம். இப்படி மூன்று பந்திகளை எழுதி, முன்னால் ஒரு முன்னுரையும் பின்னால் ஒரு முடிவுரையும் வைத்தால், அதுவே ஆசிரியர் கேட்கும் ஐந்து பந்திக் கட்டுரை.

இங்கே ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். எமது கடிதங்கள் சுகம் விசாரித்து, ஊர்ப் புதினம் சொல்லி, கடைசியில்தான் விடயத்துக்கு வரும். அது எமது பண்பு. இந்நாட்டு ஆசிரியரோ அலுவலரோ முதல் இரண்டு வரிக்குள் விடயத்தைத் தேடுவார். அங்கே காணாவிட்டால் எழுதியவருக்குத் தெளிவில்லை என்று எண்ணிவிடுவார்.

ஒரே இருப்பில் எழுதி முடிப்பதல்ல

ஊரில் பரீட்சைக் கட்டுரையை ஒரே மூச்சில் எழுதி ஒப்படைத்தோம். இங்கே எழுத்தைப் பல கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். முதலில் மனதில் வருவதையெல்லாம் குறித்துக்கொள்வது. பின் ஒழுங்குபடுத்துவது. பின் முதற் பிரதி. அதைத் திருத்தி இரண்டாம் பிரதி. கடைசியில் எழுத்துப் பிழை, பெரிய எழுத்து, புள்ளி ஆகியவற்றைப் பார்ப்பது. முதற் பிரதியிலேயே இலக்கணத்தை எண்ணிப் பயந்தால் கருத்து ஓடிவிடும். வீடு கட்டி முடித்தபின் சுண்ணாம்பு அடிப்பதுபோல இலக்கணத் திருத்தம் கடைசியில் வரட்டும்.

ஒப்படையுடன் புள்ளியிடும் அட்டவணை ஒன்றும் தருவார்கள். நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை, அதாவது 70 முதல் 79 வரை, மாகாணம் எதிர்பார்க்கும் தரம். அறிவு, சிந்தனை, தொடர்பாடல், பயன்பாடு என்ற நான்கு தலைப்புகளில் புள்ளி பிரிக்கப்படும். இலக்கணம் அதில் ஒரு பங்கு மட்டுமே. எழுதத் தொடங்குமுன் அட்டவணையை வாசியுங்கள். விளங்காவிட்டால் ஆசிரியரைக் கேளுங்கள். இங்கே கேள்வி கேட்பது அவமரியாதையல்ல.

அடுத்தவர் எழுத்து

பாடமாக்கிய கட்டுரையை அப்படியே எழுதுவது எமக்குப் பழகிய வழி. இங்கே அடுத்தவர் வசனத்தைப் பெயர் சொல்லாமல் எடுப்பது களவாகக் கருதப்படும், பூச்சியமும் கிடைக்கலாம். எடுத்த வசனத்தை மேற்கோட் குறிக்குள் போட்டு யார் எழுதியது என்று சொன்னால் குற்றமில்லை. கணினியில் செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் கட்டுரைக்கும் இதே எச்சரிக்கை. பிடிபடுவது ஒருபுறமிருக்க, கல்லூரி தரப் பரீட்சை வைத்து மண்டபத்தில் இருத்தும்போது அந்தக் கணினி கூட வராது.

பிள்ளைகளிடம் கொடுத்து எழுதுவிப்பதும் அப்படித்தான். பிள்ளை எழுதித்தந்தால் பிள்ளையின் ஆங்கிலமே வளரும். அதற்குப் பதிலாக நீங்கள் எழுதியதைப் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை தடக்குப்படும் இடத்தில்தான் வாக்கியம் பிழைத்திருக்கும்.

நாளுக்குப் பதினைந்து நிமிடம்

வீட்டில் ஒரு கொப்பியை இதற்கென்று ஒதுக்குங்கள். அன்று நடந்ததை நாளுக்கு ஐந்து வாக்கியம் எழுதுங்கள். ஆசிரியர் திருத்திய பிழைகளைக் கடைசிப் பக்கத்தில் குறித்து வாருங்கள். ஒரு மாதத்தில் உங்கள் பிழைகள் ஐந்தாறு வகைதான் என்பது தெரியவரும். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் உண்டு. நகரில் வசிப்போருக்கு அட்டை இலவசம். எளிய ஆங்கிலப் புத்தகங்களும், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகங்களும் அங்கு எடுக்கலாம்.

பெற்றோரே, குறிப்பாகத் தாய்மாரே! பிள்ளைகள் படிக்கட்டும், எங்கள் காலம் போய்விட்டது என்று சொல்லாதீர்கள். மேசையின் ஒரு பக்கத்தில் பிள்ளை வீட்டுப்பாடம் செய்ய, மறுபக்கத்தில் நீங்கள் உங்கள் பந்தியை எழுதுங்கள். வாடகைக் கடிதமும், வேலை விண்ணப்பமும், வழக்குக்கான வாக்குமூலமும் இன்னொருவரின் கையை எதிர்பார்த்து நிற்காத நாள் அந்த மேசையிலிருந்துதான் தொடங்கும். அடுத்த பருவத்துக்கான பதிவு எப்போது என்று இந்தக் கிழமையே அருகிலுள்ள வயது வந்தோர் பாடசாலையில் விசாரித்துப் பாருங்கள்.