கணிப்பு எங்கே தவறியது? கணக்கு வைக்கும் மென்பொருள்

தீபாவளி நெருங்கும்போது தேக்காவில் பூக்கடை நடத்துபவர் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: எத்தனை முழம் மல்லிகை விற்கும்? குறைவாக வரவழைத்தால், வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அதிகமாக வரவழைத்தால், வாடிய பூவைக் குப்பையில் கொட்ட வேண்டியிருக்கும். பூ விமானத்தில் வருகிறது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு “இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள்” என்று கேட்க நேரம் இருக்காது.

உட்லண்ட்சில் உள்ள கணினிச் சில்லுத் தொழிற்சாலைக்கும் இதே சிக்கல்தான். ஒரு சிலிக்கன் தகடு நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து சில்லுகளாக வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். இன்று இயந்திரத்தில் ஏற்றும் தகடு, மூன்று மாதம் கழித்து வரப்போகும் வாடிக்கையாளருக்கானது. அவர் வருவாரா, எவ்வளவு கேட்பார் என்பதை இன்றே கணிக்க வேண்டும். உலகில் தயாராகும் சில்லுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று சிங்கப்பூரில் தயாராகிறது. ஆகவே, விற்பனைக் கணிப்பு தவறினால் அது நம் ஊரில் பலருடைய வேலையையும் வருமானத்தையும் தொடும்.

இரண்டு பக்கமும் தவறிய கதை

2020ஆம் ஆண்டில் கொவிட்-19 பரவியபோது கார் விற்பனை சரிந்தது. இனி யாரும் கார் வாங்கமாட்டார்கள் என்று கணித்த கார் நிறுவனங்கள், சில்லுகளுக்குக் கொடுத்திருந்த ஆர்டர்களைக் குறைத்தன. வீட்டிலிருந்தே வேலையும் படிப்பும் நடந்ததால் மடிக்கணினிகளுக்கான தேவை உயர்ந்தது. சில்லுத் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பின. சில மாதங்களிலேயே கார் விற்பனை மீண்டது. ஆனால் வரிசையில் கார் நிறுவனங்களுக்கு இடமில்லை. 2021இல் பல நாடுகளில் கார்த் தொழிற்சாலைகள் சில்லு இல்லாமல் நின்றன. அந்த ஆண்டு ஜூன் மாதம் குளோபல்ஃபவுண்டரிஸ் நிறுவனம் சிங்கப்பூரில் 400 கோடி அமெரிக்க டாலர் செலவில் புதிய ஆலை கட்டப்போவதாக அறிவித்தது. ஆலை திறக்கப்பட்டது 2023 செப்டம்பரில்.

அதற்குள் சந்தையின் இன்னொரு மூலையில் காற்று திசை மாறிவிட்டது. கணினி, கைப்பேசி விற்பனை மந்தமானதால் நினைவகச் சில்லுகள் தேங்கின. சிங்கப்பூரிலும் ஆலைகள் வைத்துள்ள மைக்ரான் நிறுவனம், 2023 மார்ச்சில் தன் கையிருப்புச் சரக்கின் மதிப்பை 143 கோடி அமெரிக்க டாலர் குறைத்து எழுதியது. முதலில் குறைவு என்று கணித்துத் தட்டுப்பாடு. பிறகு அதிகம் என்று கணித்துத் தேக்கம்.

வாய்ப்பைக் கணக்காக மாற்றுவது

பூக்கடைக்காரரின் கணக்கு அவர் மனத்தில் இருக்கிறது. ஆயிரம் வாடிக்கையாளர்கள் உள்ள தொழிற்சாலைக்கு அது போதாது. அங்கே பயன்படுவது வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள். அமெரிக்காவின் சேல்ஸ்ஃபோர்ஸ் இத்துறையில் பெரிய பெயர். சென்னையில் வளர்ந்த ஸோஹோ நிறுவனம் 2005 முதல் இத்தகைய மென்பொருளைத் தருகிறது.

விற்பனையாளர் ஒருவர் வாடிக்கையாளரிடம் பேசி முடித்ததும் மென்பொருளில் சில விவரங்களைப் பதிவார்: யார் கேட்கிறார், எந்தப் பொருள், எத்தனை, எப்போது வாங்குவார், பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிகழ்தகவு உண்டு. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். ஒருவர் 500 கருவிகள் கேட்கிறார். விலை பேசியாயிற்று, வாய்ப்பு 80 விழுக்காடு. இன்னொருவர் 400 கேட்கிறார்; வாய்ப்பு 50 விழுக்காடு. மூன்றாமவர் 1,000 கேட்கிறார். ஆனால் இப்போதுதான் விசாரித்திருக்கிறார், வாய்ப்பு 10 விழுக்காடு. கேட்ட எண்ணிக்கையைக் கூட்டினால் 1,900. நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் 400 + 200 + 100 = 700. தொழிற்சாலைக்குப் போகும் கணிப்பு 700தான்.

மூவரில் யாருமே தம் ஆர்டரில் 10 விழுக்காட்டை மட்டும் வாங்கப்போவதில்லை. வாங்கினால் முழுவதும் வாங்குவார், இல்லையென்றால் ஒன்றும் இல்லை. அதனால் மூன்றே பேர் இருக்கும்போது இந்தக் கணக்கு எளிதில் தவறும். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருக்கும்போது கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுகட்டி, உண்மைக்கு நெருங்கி வரும்.

உறைய வைத்த எண்

கணிப்பு தவறுவது இயல்பு. எவ்வளவு தவறியது, எந்தப் பக்கம் தவறியது என்று அளப்பதே முக்கியம். அதற்கு முதல் நிபந்தனை, கணிப்பை உறைய வைப்பது.

மாதத் தொடக்கத்தில் 1,000 என்று கணித்தீர்கள். நடுவில் ஒருவர் பின்வாங்கியதும் அதை 900 ஆக்கினீர்கள். மாத இறுதியில் 890 விற்றது. பதிவில் இப்போது 900 மட்டுமே இருந்தால், பிழை வெறும் 10 போலத் தெரியும். ஆனால் தொழிற்சாலை மூலப்பொருள் வாங்கியது 1,000க்கு. எனவே நல்ல மென்பொருள், குறித்த தேதியில் கணிப்பைப் படம் பிடித்ததுபோல் சேமித்துவிடும். பிறகு எத்தனை முறை திருத்தினாலும் அந்தப் படம் மாறாது. பரிசோதனை செய்யுமுன் கருதுகோளை எழுதிவைக்கச் சொல்லி உங்கள் அறிவியல் ஆசிரியர் வற்புறுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பிழை ஒன்று, கதை இரண்டு

இரண்டு கற்பனைத் தொழிற்சாலைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே ஒவ்வொரு மாதமும் 1,000 விற்கும் என்று கணித்தன.

முதல் தொழிற்சாலை நான்கு மாதங்களில் விற்றது: 900, 1,100, 920, 1,080.
இரண்டாம் தொழிற்சாலை விற்றது: 910, 910, 900, 920.

உண்மை விற்பனையிலிருந்து கணிப்பைக் கழித்தால் கிடைப்பது விலகல். முதல் தொழிற்சாலைக்கு −100, +100, −80, +80. இரண்டாவதற்கு −90, −90, −100, −80. கூட்டல், கழித்தல் குறிகளை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் இரண்டுக்கும் 90தான். பிழையின் அளவு சமம்.

இப்போது குறிகளோடு கூட்டிப் பாருங்கள். முதல் தொழிற்சாலைக்கு 0. இரண்டாவதற்கு −360. இந்தக் கூட்டுத்தொகையைச் சராசரிப் பிழையான 90ஆல் வகுத்தால் வருவது கண்காணிப்புக் குறியீடு. முதலாவதற்கு 0, இரண்டாவதற்கு −4. பல தொழிற்சாலைகள் 4 என்பதை எல்லையாக வைத்துக்கொள்கின்றன. குறியீடு எந்தப் பக்கமாவது அதைத் தொட்டால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும்.

முதல் தொழிற்சாலையில் நடப்பது சந்தையின் இயல்பான ஏற்ற இறக்கம். சற்றுக் கூடுதலான கையிருப்பு இருந்தால் சமாளிக்கலாம். இரண்டாவதில் கணிக்கும் முறையே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கையிருப்பைக் கூட்டினால் அங்கே நிலைமை இன்னும் மோசமாகும். மாதந்தோறும் விற்காத சரக்கு ஏறிக்கொண்டே போகும்.

சாய்வு எங்கே பிறக்கிறது?

வாடிக்கையாளர் மென்பொருள் இங்கேதான் கைகொடுக்கிறது. தொழிற்சாலையின் கணக்கேட்டில் “90 குறைவு” என்று மட்டுமே இருக்கும். வாடிக்கையாளர் மென்பொருளில் அந்த 90ஐப் பிரித்துப் பார்க்கலாம். ஆர்டர் போட்டியாளருக்குப் போய்விட்டதா? அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறதா? 80 விழுக்காடு வாய்ப்பு என்று குறித்த பேச்சுகளில் உண்மையில் பாதிதான் முடிகின்றனவா? ஆர்டர் தள்ளிப்போயிருந்தால் உற்பத்தியைச் சற்றுத் தாமதப்படுத்தினால் போதும். வாய்ப்பு விகிதமே தவறு என்றால் அதைத் திருத்த வேண்டும்.

பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிஸ்கோ நிறுவனம் பெயர்போன பாடம். இணையம் வேகமாகப் பரவிய காலத்தில் அதன் வலைத்தொடர்புக் கருவிகளுக்குப் பெரும் தட்டுப்பாடு இருந்தது. கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சிய வாடிக்கையாளர்கள், ஒரே தேவைக்குப் பல இடங்களில் ஆர்டர் கொடுத்தார்கள். எண்கள் ஏறின, தேவை ஏறவில்லை. 2001இல் சந்தை சரிந்தபோது சிஸ்கோ ஏறத்தாழ 225 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள சரக்கை நட்டமாக எழுதியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அதே மின்னணுச் சரிவில் சிங்கப்பூரின் பொருளியலும் அந்த ஆண்டு சுருங்கியது.

மென்பொருளுக்குத் தெரியாதது

பதிவுகளை எழுதுவது மனிதர்கள் என்பதை மறக்கக் கூடாது. இலக்கை எட்டியதாகக் காட்ட விரும்பும் விற்பனையாளர் வாய்ப்பைக் கூட்டி எழுதுவார். விலகல் வந்தால் மேலாளர் திட்டுவார் என்று பயப்படுபவர் குறைத்து எழுதுவார். பிறகு “கணித்ததைவிட அதிகம் விற்றேன்” என்று நிம்மதி அடைவார். இரண்டுமே சாய்வுதான். விலகலைத் தண்டனைக்கான ஆதாரமாகப் பயன்படுத்தும் நிறுவனத்தில் உண்மையான எண்கள் கிடைப்பது அரிது. வெப்பமானி காய்ச்சலைக் காட்டியதற்காக யாரும் அதை உடைப்பதில்லை அல்லவா?

செய்து பாருங்கள்

அடுத்த நான்கு வகுப்புத் தேர்வுகளுக்கும், தேர்வு எழுதுமுன் நீங்கள் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணைத் தாளில் எழுதி, தேதியிட்டு மூடி வையுங்கள். மதிப்பெண் வந்ததும் உண்மையிலிருந்து கணிப்பைக் கழியுங்கள். நான்கு விலகல்களையும் குறியோடு கூட்டி, குறி இல்லாத சராசரியால் வகுங்கள். விடை பூச்சியத்துக்கு அருகில் இருந்தால் உங்கள் கணிப்பில் சாய்வு இல்லை. −4 வந்தால் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே தயாராகிறீர்கள். +4 வந்தால் உங்களுக்குத் தேவைப்படுவது இன்னும் கொஞ்சம் தன்னம்பிக்கை.