ஒரு பக்கத்துக்கு எத்தனை பைசா? சின்ன ஆபீசுக்கு ஆல்-இன்-ஒன் பிரிண்டர்

பிரிண்டர் வாங்க யோசனை கேட்டு யார் போன் பண்ணினாலும் மெஷின் விலையில்தான் ஆரம்பிப்பார்கள். "பத்தாயிரத்துக்குள்ள நல்லதா ஒண்ணு சொல்லுங்க." நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: மாசத்துக்கு எத்தனை பக்கம் அடிப்பீங்க? பெரும்பாலும் அந்தப் பக்கம் அமைதி. கரண்ட் பில், பெட்ரோல், டீ செலவு வரைக்கும் எழுதி வைப்பவர்கள்கூட இதை மட்டும் எண்ணுவதில்லை.

சமீபத்தில் கேட்டவள் என் சித்தி மகள். திண்டுக்கல்லில் ஒரு ஆடிட்டரிடம் எட்டு வருஷம் வேலை பார்த்தவள், இப்போது தனியாக ஆபீஸ் போடுகிறாள். ஜிஎஸ்டி தாக்கல், வருமான வரி ரிட்டர்ன், பான் கார்டு விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் டைப் அடித்துக் கொடுப்பது, இவைதான் வேலை. அவளும் உதவிக்கு ஒரு பெண்ணும். சீட்டு எடுத்த பணத்தில் மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாம் போக பிரிண்டருக்கு மிஞ்சியது 15,000 ரூபாய். கடைக்காரர் 4,500 ரூபாய்க்கு ஒரு ஆல்-இன்-ஒன் காட்டியிருக்கிறார். பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் உண்டு. "அண்ணே, இதையே எடுத்துட்டா மிச்சப் பணம் ரூம் அட்வான்சுக்கு ஆகும்ல?" என்றாள். பழைய ஆபீசில் தினம் எத்தனை தாள் போனது என்று முதலில் யோசித்துச் சொல் என்றேன். தினம் 40 பக்கம், மாதம் 25 வேலை நாள். ஆக, 1,000 பக்கம்.

இனி வகுத்தல் கணக்குதான். கீழே நான் போடும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்ட உத்தேச விலைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், வரிசை பெரிதாக மாறாது.

அந்த 4,500 ரூபாய் மெஷினுக்கான கருப்பு கார்ட்ரிட்ஜ் 120 பக்கம் வரும் என்று அதன் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. விலை 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 6 ரூபாய் 67 பைசா. மாதம் 1,000 பக்கத்துக்கு 6,667 ரூபாய். அவள் பிடித்திருந்த அறைக்கு வாடகையே 5,000-தான்! தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பக்கம் 2 ரூபாய். சொந்த மெஷினை மூடி வைத்துவிட்டு அங்கே நடந்து போய்வருவது லாபம். மூன்று வருஷத்துக்குப் பார்த்தால் 36,000 பக்கம், 300 கார்ட்ரிட்ஜ், 2,40,000 ரூபாய். இந்தப் பக்கத்தில் மெஷின் விலை 4,500 என்பது எழுத்துப்பிழை மாதிரி தெரிகிறது.

இதே பக்கங்களை இங்க் டேங்க் மெஷினில் அடித்தால்? ஒரு கருப்பு மை பாட்டில் 4,500 பக்கம், 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 9 பைசாவுக்குள். மூன்று வருஷத்துக்கு 8 பாட்டில், 3,200 ரூபாய். மெஷின் மட்டும் மூன்று மடங்கு விலை.

மை அதே மைதான். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? கார்ட்ரிட்ஜ் மெஷினில் கம்பெனிக்கு லாபம் மெஷினில் இல்லை, மையில் இருக்கிறது. ஆசிய நாடுகளின் கடைக்காரர்கள் இதைக் கண்டுகொண்டு, கார்ட்ரிட்ஜில் ஓட்டை போட்டு, குழாய் விட்டு, வெளியே பாட்டில் தொங்கவிட்டு ஓட்டினார்கள். நம் ஊரிலும் ஸ்டூடியோக்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். கடைசியில் கம்பெனியே அந்த வழிக்கு வந்தது. 2010-ல் எப்சன் முதன்முதலாக இந்தோனேசியாவில் டேங்க் வைத்த பிரிண்டரை விற்றது. லாபத்தை மெஷின் விலையில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு மையை மலிவாக்கிவிட்டார்கள். மாதம் 20 பக்கம் அடிக்கிற வீட்டுக்கு இது தேவையே இல்லை. 1,000 பக்கம் அடிக்கிற ஆபீசுக்கு இது இல்லாமல் முடியாது, அல்லது லேசர் வேண்டும்.

லேசர் கணக்கு கொஞ்சம் சிக்கலானது, நம் ஊருக்கே உரியது. 1,500 பக்கம் தரும் ஒரிஜினல் டோனர் 4,500 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 3 ரூபாய். ஆனால் ஒரிஜினல் வாங்குபவர் எத்தனை பேர்? 350 ரூபாய்க்கு ரீஃபில் செய்தால் பக்கத்துக்கு 23 பைசாவாக இறங்கிவிடுகிறது. எச்.பி. எம்1005 என்ற பழைய ஆல்-இன்-ஒன்னை இன்றும் வக்கீல் ஆபீஸ்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பார்க்கலாம். அதற்குப் போடுவது 12ஏ கார்ட்ரிட்ஜ். அந்த கார்ட்ரிட்ஜில் சிப் கிடையாது. அதனால் மெஷினுக்கு உள்ளே இருப்பது புதுசா, ரீஃபிலா என்று தெரியாது. தூளைக் கொட்டி மூடினால் ஓடும். அந்த மெஷினின் நீண்ட ஆயுளுக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன்.

பின்னால் வந்த மாடல்களில் சிப் வந்துவிட்டது. 2016-ல் எச்.பி. சில இங்க்ஜெட் மாடல்களில் மென்பொருள் மூலமாக வெளி கார்ட்ரிட்ஜ்களைத் தடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தத் தடையை நீக்கும் மென்பொருளையும் கொடுத்தது. 2017-ல் லெக்ஸ்மார்க் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு கார்ட்ரிட்ஜை விற்ற பிறகு அதன் மேல் காப்புரிமையைக் காட்டி வாங்கியவரைக் கட்டுப்படுத்த முடியாது என்றது. சட்டம் அப்படிச் சொன்னாலும் சிப் இருக்கத்தானே செய்கிறது. எனவே லேசர் எடுப்பதாக இருந்தால், ஷோரூமுக்குப் போகும் முன் உங்கள் ஊர் ரீஃபில்காரரிடம் போங்கள். "எந்த மாடல் டோனர் உங்ககிட்ட ஈசியா ரீஃபில் ஆகும்?" என்று கேளுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கும் மாடல் வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம்? அது சும்மா போடுவது இல்லை. கருப்பு டோனருக்கு ஐஎஸ்ஓ 19752, கலர் இங்க்ஜெட்டுக்கு ஐஎஸ்ஓ 24711 என்று அளக்கும் முறைகள் இருக்கின்றன. குறிப்பிட்ட சோதனைப் பக்கங்களை நிறுத்தாமல் அடித்து எண்ணுவார்கள். கருப்பு டோனருக்கான அந்தப் பக்கத்தில் மை படுவது தாளின் பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஒரு சாதாரண கடிதம் அவ்வளவு வரும். ஆதார் கார்டு ஜெராக்ஸ் அப்படி வராது. ஸ்கேனர் மூடியைத் திறந்து வைத்தபடியே கார்டை காப்பி எடுத்தால் சுற்றிலும் கருப்பாக விழும் பாருங்கள், அந்த ஒரு பக்கம் பல கடிதங்களுக்கான டோனரைக் குடித்துவிடும். மூடியை மூடுவது சேமிப்பு.

உங்கள் ஆபீஸ் பக்கங்கள் எத்தனை சதவீதம் என்று நீங்களே அளக்கலாம். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளில் 'இங்க்கவ்' என்று ஒரு வசதி உண்டு. பிடிஎஃப் கோப்பைக் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு நிறங்களும் எவ்வளவு பரப்பை எடுக்கின்றன என்று எண்ணாகத் தரும். 0.05 என்றால் 5 சதவீதம். 0.10 வந்தால் பெட்டியில் போட்ட எண்ணிக்கையைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். (என் மாதிரி ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்துகொண்டிருப்போம். வீட்டில் என்ன சொல்வார்கள் என்று இங்கே எழுதவில்லை.)

இங்க்ஜெட்டில் இன்னொன்று. நிறுத்தாமல் அடித்து அளப்பதால், நாம் தினம் காலையில் மெஷினைப் போடும்போது அது தன் மூக்கைச் சுத்தம் செய்ய வீணாக்கும் மை அந்த எண்ணிக்கையில் சேராது. அந்த மை உள்ளே ஒரு பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிரம்பியதாக மெஷின் முடிவு செய்தால் பிரிண்ட் நின்றுவிடும். சில மாடல்களில் நாமே கழற்றி மாற்றும் சின்னப் பெட்டியாக அதை வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்க வேண்டும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, மை 9 பைசாவுக்கு வந்துவிட்டது. இப்போது பெரிய செலவு எது? தாள். 500 தாள் ரீம் 280 ரூபாய் என்றால் தாள் ஒன்றுக்கு 56 பைசா, மையைப் போல ஆறு மடங்கு! டேங்க் மெஷின் வாங்கியவர்கள் மை இன்னும் மலிவாகக் கிடைக்குமா என்று தேடி அலைவது எனக்குப் புரியாத விஷயம். தானாக இரண்டு பக்கமும் அடிக்கும் டூப்ளெக்ஸ் வசதி இருந்தால் பக்கத்துக்கு 28 பைசா மிச்சம். மையை இலவசமாகக் கொடுத்தாலும் 9 பைசாதான் மிச்சமாகும். மாதம் 1,000 பக்கத்தில் பாதியை இருபுறமும் அடித்தாலே 140 ரூபாய் நிற்கும். டூப்ளெக்ஸ் இருக்கும் மாடலுக்கு 3,000 ரூபாய் கூடக் கொடுத்தால், இரண்டு வருஷத்துக்குள் அது திரும்ப வந்துவிடும். கையால் திருப்பிப் போடலாமே என்றால், போடலாம். பத்து நாள் போடுவார்கள், அப்புறம் விட்டுவிடுவார்கள்.

தாள் வாங்கும்போது ஒரு சின்னச் சோதனை. 75 ஜிஎஸ்எம் ஏ4 ரீம் ஏறத்தாழ 2.34 கிலோ இருக்க வேண்டும். 70 ஜிஎஸ்எம் என்றால் 2.18 கிலோ. தராசில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் டேங்க்தான் என்று முடித்துவிடலாம். ஆனால் அடிக்கிற காகிதம் என்ன காகிதம் என்று ஒரு கேள்வி இருக்கிறது. லேசரின் டோனர் பிளாஸ்டிக் தூள். 200 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கித் தாளில் உருக்கி ஒட்டுகிறார்கள். தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. இங்க்ஜெட்டில் சாய மை, பிக்மெண்ட் மை என்று இரண்டு வகை. சாய மை தண்ணீரில் கரைந்து இருப்பது, ஈரம் பட்டால் ஓடும். பிக்மெண்ட் மையில் நிறத் துகள்கள் மிதக்கின்றன, உலர்ந்தால் தாளின் மேல் நின்றுவிடும். வாடகை ஒப்பந்தம் பத்திரத் தாளில் அடிக்கிறோம். அதன் மேல் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், சில சமயம் பெருவிரல் ரேகை. அப்புறம் அது யாரோ ஒருவர் வீட்டு பீரோவில், மழைக்காலத்து ஈரத்தில் கிடக்கும். வாடகைத் தகராறு வந்து நாலு வருஷம் கழித்து வெளியே எடுக்கும்போது தொகை எழுதிய வரி கலங்கியிருந்தால் போச்சு. டைப் அடித்துக் கொடுத்த ஆபீஸ் பெயர்தான் கெடும்.

ஆகவே டேங்க் என்றால் கருப்பு மட்டுமாவது பிக்மெண்ட் மையாக இருக்க வேண்டும். எல்லா டேங்க் மெஷினிலும் அப்படி இல்லை. கடையில் ஒரு பக்கம் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் காயவிட்டு, விரலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

கரண்ட் விஷயத்தில் டேங்க் ஜெயிக்கிறது. சூடாக்கும் வேலை இல்லாததால் அடிக்கும்போது 15 வாட்டைச் சுற்றித்தான் எடுக்கும். சின்ன லேசர்கூட 400 வாட்டுக்கு மேல் இழுக்கும், சூடேறும் கணத்தில் அதைவிட அதிகம். 600 விஏ யுபிஎஸ் தருவதே 360 வாட் அளவுக்குத்தான். லேசரை அதில் சொருகினால் கம்ப்யூட்டரோடு சேர்த்து எல்லாம் அணையும். ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசி நாள், கரண்ட் இல்லை, வாசலில் ஆள் நிற்கிறார் என்றால் இந்த வித்தியாசம் புரியும். லேசருக்குச் சாதகமாக ஒன்று: ஒரு மாதம் பூட்டி வைத்தாலும் தூள் காயாது. டேங்கில் வாரம் ஒரு பக்கமாவது அடிக்காவிட்டால் மை வரும் துளைகள் அடைத்துக்கொள்ளும், வெயில் காலத்தில் சீக்கிரமே.

கட்டாகத் தாளை வைத்தால் தானே இழுத்து ஸ்கேன் செய்யும் ஏடிஎஃப் வேண்டுமா? இதற்கும் எண்ணிக்கைதான் பதில். என் தங்கையிடம் வரும் பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக வருகிறது, ஸ்கேன் தினம் ஐந்தாறு தாள். அதற்குக் கண்ணாடியே போதும். வக்கீல் ஆபீஸ் என்றால் ஏடிஎஃப் இல்லாமல் வாங்காதீர்கள். ஏ4 கண்ணாடியில் லீகல் தாள் முழுசாக அடங்காது, 356 மி.மீ. நீளம் அது.

அவள் கடைசியில் எடுத்தது பிக்மெண்ட் கருப்பு மையும் டூப்ளெக்ஸும் உள்ள டேங்க் மெஷின். பட்ஜெட்டுக்கு மேல் 1,500 ரூபாய் ஆனது, அட்வான்சுக்குச் சித்தி நகையை வைத்துக் கொடுத்தார். முதல் மூன்று மாதத்தில் 3,400 பக்கம் ஓடியிருக்கிறது. மெஷினோடு வந்த கருப்பு மை இன்னும் தீரவில்லை.

பழைய மெஷின் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு மெஷினும் தான் அடித்த மொத்தப் பக்கங்களை உள்ளே எண்ணி வைத்திருக்கும். செட்டிங்ஸ் பக்கத்தை பிரிண்ட் எடுத்தால் அந்த எண் வரும். பைக்குக்கு கிலோமீட்டர் பார்ப்பது மாதிரிதான். பெட்டியில் 'மாதம் 10,000 பக்கம் தாங்கும்' என்று போட்டிருப்பதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது உச்ச வரம்பு. மாதாமாதம் அடிக்கப் பரிந்துரைப்பது அதில் ஒரு சின்னப் பங்குதான், அது வேறு வரியில் பொடி எழுத்தில் இருக்கும். அப்புறம், பிரிண்டில் ஒரே புள்ளி 75 மி.மீ. இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால், 24 மி.மீ. விட்டமுள்ள டிரம் உருளை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்கேல் எடுத்துப் போய் அளந்துவிட்டு விலை பேசுங்கள்.