தக்கைக்குள் புகும் காற்று

பூசைக்குரிய திராட்சை ரசம் கெட்டுப்போனதாக இருக்கக் கூடாது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் பிரிவு. போர்ச்சுகலிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் பணிசெய்த, தமிழகக் கடலோரத்து 16ஆம் நூற்றாண்டுப் புன்னைக்காயலில் அது லேசான காரியமல்ல. லிஸ்பனில் கப்பலேறும் பீப்பாய் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோவா சேரவே ஏறத்தாழ ஆறு மாதம். அதன்பின் இந்தக் கரையின் வெக்கை. காற்றும் சூடும் சேர்ந்தால் ரசம் காடியாகிவிடும். உறுதியான கண்ணாடிப் பாட்டிலும் இறுக்கமான தக்கையும் வைனுக்கு வாய்த்தது அடுத்த நூற்றாண்டில்தான்.

அந்தத் தக்கையும் பெரும்பாலும் போர்ச்சுகல் சரக்கு. கார்க் ஓக் மரத்தை வெட்டாமல், ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிப்பார்கள். பட்டை முழுக்கக் காற்றடைத்த நுண்ணறைகள். 24 மி.மீ. தக்கையை நசுக்கி 18.5 மி.மீ. கழுத்துக்குள் செருகினால், விரிந்து கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். முதல் சில மாதங்கள் தன் அறைகளிலுள்ள காற்றையே வைனுக்குள் விடும். பிறகு வெளிக்காற்று மிகச் சொற்பமாகக் கசியும். அந்தச் சொற்ப ஆக்சிஜனில்தான் நல்ல சிவப்பு வைனின் துவர்ப்பு ஆண்டுக்கணக்கில் தணிந்து மணம் கூடுகிறது. அளவு மிஞ்சினால், அரிந்த வாழைக்காய் கறுப்பதுபோல வெள்ளை வைன் பழுப்பேறும்.

மரத்தக்கைக்கு ஒரு பெருங்குறை: பூஞ்சையால் உண்டாகும் டிசிஏ என்ற சேர்மம். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே வைனில் ஈரச்சாக்கு வாடை அடிக்கும். அதற்குத் தப்பவே நுரைத்த பாலிஎத்திலீன் தக்கை வந்தது. பாலிஎத்திலீன் தண்ணீரைத் தடுக்கும். ஆக்சிஜனோ அதன் உடம்பு வழியாகவே ஊடுருவும். ஆஸ்திரேலிய வைன் ஆய்வு நிறுவனம் 1999இல் செமியோன் என்ற ஒரே வெள்ளை வைனை 14 வகை அடைப்பான்களால் மூடிவைத்துக் கவனித்தது. பிளாஸ்டிக் தக்கையிட்டவை சீக்கிரம் நிறம் மாறின. திருகுமூடியிட்டவை புத்துணர்வு குன்றாமல் இருந்தன, சிலவற்றில் கந்தக வாடை தட்டினாலும். வெள்ளீயப் படலம் வைத்த திருகுமூடி காற்றை ஏறக்குறைய முழுதாகவே அடைத்துவிடும்.

பிளாஸ்டிக் தக்கைகள் இன்று மேம்பட்டுவிட்டன. ஆனாலும் சூட்டில் வைன் விரிந்து, செருகிய எந்தத் தக்கையையும் மேலே தள்ளும். நம் கடற்கரைக்குத் திருகுமூடியே ஏற்றது என்பேன். பிளாஸ்டிக் தக்கையிட்ட பாட்டிலை ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்தாதீர்கள். ஓரிரு ஆண்டுக்குள் திறந்துவிடுங்கள்.