பெருந்துறை சானடோரியமும் கர்ப்பப்பைத் தழும்பும்

பெருந்துறையில் 'சானடோரியம்'னு ஒரு இடத்தை இன்னும் சொல்றாங்க. காசநோயாளிகளைத் தங்க வைத்து வைத்தியம் பார்த்த வளாகம். இப்போது மருத்துவக் கல்லூரி. காசநோய் என்றாலே நமக்கு இருமலும் சளியும்தான் ஞாபகம் வரும். அதே கிருமி நுரையீரலிலிருந்து ரத்தம் வழியாகக் கருக்குழாய்க்கும், அங்கிருந்து கர்ப்பப்பைக்கும் போகும். இருமல், காய்ச்சல் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். கல்யாணமாகி மூணு வருஷம் கழித்து, "இன்னும் விசேஷம் இல்லீங்களா?" என்று ஊர் கேட்க ஆரம்பித்த பிறகுதான் பலருக்கு அது தெரிய வருகிறது.

கர்ப்பப்பையின் உள்சவ்வில் மேலடுக்கு மாசாமாசம் உதிரும். அடியடுக்கு அதைத் திரும்ப வளர்க்கும். அரைக்கீரைப் பாத்தி மாதிரி: அறுக்க அறுக்கத் துளிர்க்கும், வேரோடு பிடுங்கினால் வெறும் மண்தான். அடியடுக்கு சிதைந்த இடத்தில் எதிரெதிர்ச் சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன. கரு உருவானாலும் பதிய இடமில்லை. ஐ.வி.எஃப். செய்தாலும் இந்தத் தடை அப்படியேதான் இருக்கும்.

உலகளவில் இதற்கு முதல் காரணம் காசநோய் அல்ல. கரு கலைந்த பிறகோ பிரசவத்துக்குப் பிறகோ செய்கிற டி அண்ட் சி, அதாவது நம்ம பக்கம் 'கழுவி விடறது'. ஹைன்ரிச் ஃப்ரிட்ஷ் 1894லேயே எழுதிவிட்டார். 1948இல் 29 பெண்களைப் பற்றி எழுதிய ஜோசப் ஆஷர்மன் பெயர்தான் நிலைத்தது. கழுவின எல்லோருக்கும் இது வராது. பயந்துபோய்த் தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் ரத்தப்போக்கும் கிருமித்தொற்றும்தான் மிச்சம்.

கழுவின பிறகு தீட்டு குறைந்தாலோ நின்றாலோ கவனிக்கணும். சிலருக்கு மாசாமாசம் வலி மட்டும் வரும். வீட்டில் "ரத்தம் பத்தலை, பீட்ரூட் சாப்பிடு" என்பார்கள். ஹார்மோன் பரிசோதனை சரியாகவே இருக்கும், ஏனென்றால் சூலகத்தில் கோளாறே இல்லை. சாதாரண ஸ்கேனிலும் தப்பிவிடலாம். மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கிற ஹிஸ்டெராஸ்கோபிதான் நிச்சயமான வழி. ஒட்டுகளை அப்போதே வெட்டியும் விடலாம். மாத்திரை, ஊசி என்று வருஷக்கணக்கில் அலைகிறவர்கள், "உள்ளே பார்த்தாச்சுங்களா டாக்டர்?" என்று ஒருமுறை கேட்டுவிடலாம்.

லேசான ஒட்டு என்றால் நல்ல பலன் உண்டு. காசநோய்த் தழும்பு பிடிவாதமானது. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் ஆறு மாச மருந்தில் கிருமி சாகும், தழும்பு கரையாது. சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் காரியம்.

இன்னொன்று: இந்தச் சிகிச்சைக்குப் பிறகு உண்டாகிற கர்ப்பத்தில் நஞ்சு சுவரோடு அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுதல். பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் பழைய ஃபைலை முதல் தடவை போகும்போதே காட்டிருங்க.