ஜப்பான் அகராதியில் நம்ம சாந்தோம்!

சில்வர் பீச்சுல சுண்டல் சாப்பிட்டுக்கிட்டே கடலைப் பார்த்திருப்பீங்க. அந்தத் தேவனாம்பட்டினத்துக்கு 1600-களின் தொடக்கத்திலேயே டச்சுக்காரங்க வந்துட்டாங்க. செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் வாங்கினது 1690-ல தான். டச்சுக்காரங்க இந்தக் கரைக்கு வந்த முக்கியமான காரணம், நம்ம பருத்தித் துணி.

சோழமண்டலக் கரைத் துணி ஜப்பான் வரைக்கும் போச்சு. முதல்ல கொண்டுபோனவங்க போர்த்துகீசியர். அவங்களை ஜப்பான் 1639-ல வெளியேத்தினதும், அங்கே வியாபாரம் செய்ய அனுமதி இருந்த ஒரே ஐரோப்பியர் டச்சுக்காரங்கதான்.

நம்ம ஊர்க் கோடு போட்ட துணிக்கு ஜப்பானியர் வெச்ச பேரு 'சான்தோமே-ஜிமா'. 'ஜிமா'ன்னா கோடு. 'சான்தோமே'? புனித தோமா பெயரால மயிலாப்பூருக்குப் போர்த்துகீசியர் வெச்ச பேரு 'சாவ் தோமே'. அதேதான் இன்னிக்கு நம்ம சாந்தோம்!

சரி, சாதாரணப் பருத்திக்கு அங்கே ஏன் அவ்வளவு மவுசு? எதோ காலத்து ஜப்பான்ல (1603-1868) சாமானிய மக்கள் பட்டு உடுத்த அரசு பல கட்டுப்பாடுகள் போட்டிருந்தது. சான்தோமே மெல்லிய நூல்ல நெருக்கமா நெய்தது. பார்க்கப் பட்டு மாதிரியே பளபளக்கும். ஆனா பருத்தி. சட்டமும் மீறல, ஆசையும் தீர்ந்தது!

அப்புறம் அவங்களே நெய்யக் கத்துக்கிட்டாங்க. இங்கேதான் கதையே மாறுது. கடல் கடந்து வந்த அசல் துணியைத் 'தோ-சான்தோமே'ன்னு சொன்னாங்க. 'தோ'ன்னா வெளிநாட்டுச் சரக்கு. அது சுருங்கித் 'தோசான்' ஆச்சு; சாந்தோம்ல மிச்சம் 'சான்' மட்டும். பிறகு கவாகோயே ஊர்ல நெய்த துணி 'கவாதோ' ஆச்சு. 'கவா' அந்த ஊரு, 'தோ' தோசானோட முதல் எழுத்து. அந்த 'சான்' கூடப் போயிடுச்சு!

இன்னொன்னு கவனிச்சீங்களா? சாந்தோம் ஒரு துறைமுகம். துணி நெய்தது கரையோரமும் உள்நாட்டிலயும் இருந்த எத்தனையோ ஊர்த் தறிகள். பேரு கப்பல் ஏறுன இடத்துக்குப் போச்சு. நெய்தவங்க ஊர் எந்தச் சொல்லிலும் இல்ல.

கவாகோயே நெசவாளிகள் தங்க ஊர்ப் பேரைத் துணியிலேயே சேர்த்துட்டாங்க. நம்ம மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியில இன்னும் கைத்தறியில கைலி நெய்யுறாங்க. அடுத்த தடவை கைலி வாங்கும்போது, "இது எந்த ஊர்த் தறி?"னு கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டாத்தான் அந்தப் பேரும் நிலைக்கும்.