கற்பாத்தியில் செங்காந்தள்: வைக்கும் முறையும் காக்கும் முறையும்

குளிர்ந்த தேசங்களில், பனிமலைச் செடிகளைச் சமவெளியில் வளர்க்க விரும்புவோர் கல்லையும் சரளையையும் குவித்து மேட்டுப் பாத்தி அமைப்பது வழக்கம். அச்செடிகள் கடுங்குளிரைத் தாங்கும். ஆனால் வேரடியில் தேங்கும் நீரைத் தாங்கமாட்டா. பனிக்காலம் முழுதும் மண்ணுக்குள் உறங்கி, வெயில் கண்டதும் துளிர்ப்பது அவற்றின் இயல்பு. நம் செங்கற்பட்டு ஜில்லாவில் பனிமலை இல்லை. ஆயினும் அவ்வியல்பை ஒத்த பல்லாண்டுச் செடி ஒன்று நம் நாட்டில் உண்டு. அதுவே செங்காந்தள். கார்த்திகைப் பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்பனவும் அதன் பெயர்களே. பனிமலைச் செடி குளிரில் உறங்கும். காந்தள் கோடையில் உறங்கும். வேற்றுமை அவ்வளவே.

பயன்

இது தமிழ்நாட்டின் மாநில மலர். இதன் விதையிலும் கிழங்கிலும் கால்ச்சிசின் என்னும் சத்து இருக்கிறது. ஐரோப்பிய மலைப் புல்வெளிகளில் பூக்கும் கால்ச்சிகம் என்னும் செடியிலிருந்து 1820-ஆம் ஆண்டில் முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்ட இச்சத்து, கீல்வாத நோய்க்கு இன்றும் மருந்தாக வழங்குகிறது. அச்செடியும் நம் காந்தளும் ஒரே குடும்பத்தவை. தாராபுரம், மூலனூர், வேதாரணியம் முதலிய பகுதிகளில் விதைக்காகவே இதனைச் சாகுபடி செய்கின்றனர்.

நிலமும் பாத்தியும்

மறைமலை நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தொழிற்சாலைகள் பெருகி விளைநிலம் சுருங்கிவிட்டது. கல்லும் சரளையும் கலந்த மேட்டு நிலமோ, நெல்லுக்கு உதவாதென்று ஒதுக்கப்படுகிறது. காந்தளுக்கு அந்நிலமே தகுந்தது. ஆனால் ஓர் இடையூறு உண்டு. நம் ஜில்லாவின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. செடி பூத்துக் காய்ப்பதும் அப்போதுதான். அச்சமயம் பாத்தியில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே சமதரையில் நடாமல் கற்பாத்தியில் நடுவதே இங்கு உசிதம்.

பாத்தி 4 அடி அகலமும் தரைக்கு மேல் 1½ அடி உயரமும் இருக்கட்டும். அடியில் அரை அடி கனத்துக்குக் கருங்கல் துண்டுகளைப் பரப்ப வேண்டும். கல்லுடைக்கும் இடங்களில் கழிவாகக் கிடைக்கும் துண்டுகளே போதும். கல்தூளை மட்டும் சேர்க்கலாகாது, அது இறுகி நீரை அடைத்துவிடும். அதன்மேல் செம்மண் 2 பங்கு, ஆற்றுமணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் 1 பங்கு கலந்து ஓர் அடி உயரம் நிரப்புக. ஓரங்களில் பெரிய கற்களை அணைகட்டி, பாத்தியைச் சுற்றி வடிகால் வெட்டுக.

நடவு

கிழங்கு கலப்பை போன்று கவைத்திருக்கும். முளை அதன் நுனியிலேயே உள்ளது. நுனி ஒடிந்தால் அக்கிளை பயனற்றது. ஆதலால் சாக்கில் திணித்து வீசாமல், மணல் பரப்பிய கூடையில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில், 2½ அங்குல ஆழத்தில், செடிக்குச் செடி ஓர் அடிக்கு மேல் இடைவெளி விட்டுக் கிடையாக நடுக. விதையிட்டும் வளர்க்கலாம், பூக்க 3 அல்லது 4 ஆண்டுகள் செல்லும்.

பராமரிப்பு

இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பற்றி ஏறும். கிளுவைக் கொம்போ கம்பிப் பந்தலோ முளைக்குமுன்பே நிறுத்திவிட வேண்டும். பிறகு குழி தோண்டினால் கிழங்கு அடிபடும். மழை இல்லாத நாட்களில் மட்டும் அளவாக நீர் விடுக. இலையைத் தின்னும் புள்ளிப் புழுக்களைக் காலையில் கையால் பொறுக்கி அழித்தல் நலம்.

இப்பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்திருத்தலால், மகரந்தம் தானாக அதன் நுனியில் படுவது அரிது. எனவே காலை வேளையில் ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவின் சூல்நுனியில் கையால் தடவுகின்றனர். இவ்வேலையில் சோம்பினால் காய் குறையும்.

நட்ட 5, 6 மாதங்களில் காய் முற்றும். பின்பு தண்டு காய்ந்து மடியும். செடி செத்ததென்று எண்ணிப் பாத்தியைக் கிளறுவதும் நீர் பாய்ச்சுவதும் பலர் செய்யும் பிழை. பழைய கிழங்கு வற்றி, புதுக்கிழங்கு உள்ளே உறங்குகிறது. மாசி முதல் வைகாசி வரை அதனைத் தொடாமல் விடுவதே பராமரிப்பு.

எச்சரிக்கை

இச்செடி முழுதும் கொடிய நஞ்சு. கிழங்கை வள்ளிக்கிழங்கென்று மயங்கித் தின்று மாண்டவர் உண்டு. வாந்தியும் பேதியும் சில மணி நேரம் கழித்தே தொடங்குவதால், ஒன்றுமில்லையென்று இருந்துவிடலாகாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து இதற்கு இல்லை. கைவைத்தியமும் கூடாது. பாத்திக்கு வேலியிடுக, கிழங்கையும் விதையையும் சமையலறையில் வைக்கற்க, கையாண்டபின் கைகளைக் கழுவுக. பள்ளிக்கூடத்தின் அருகில் நடவே வேண்டாம்.

சங்கத்தின் கடமை

விதையின் விலை ஏறியிறங்கும். கிழங்கின் விலையும் அதிகம். கடன் வாங்கி முதலாண்டிலேயே ஏக்கர் கணக்கில் இறங்குவது அறிவன்று. சங்கம் முதலில் ஒரே ஒரு பாத்தி அமைத்து, ஒரு மழைக்காலத்தை அது கடந்த பின், அதில் பெருகும் கிழங்குகளை அங்கத்தினர்க்குப் பங்கிடலாம். விதை வாங்குவோருடன் விலையையும் முன்னதாகப் பேசிக்கொள்க. காட்டிலிருந்து கிழங்கு தோண்டுவதை விலக்குக. அவ்வாறு தோண்டியே பல இடங்களில் இது அருகிவிட்டது. கல்மேட்டில் வடிகாலும், கோடையில் பொறுமையும் உடையவர்க்கு, ஒருமுறை நட்ட காந்தள் பல்லாண்டு பயன் தரும்.