பிஞ்சு விரல்களும் பெரிய கிற்றாரும்

சென்ற சிறுபோக அறுவடை முடிந்த ஓய்வில், உருத்திரபுரத்திலுள்ள நண்பரொருவரின் இல்லத்துக்கு ஒரு மாலைப் பொழுதிற் போயிருந்தேன். முற்றத்து வேம்பின்கீழ் நாலைந்து பேர் கூடியிருந்தோம். நண்பரின் மருமகன் தன் கைத்தொலைபேசியில் ஓர் அசைபடத்தை எங்களுக்குக் காட்டினான். வட கொரியாவின் மழலையர் பள்ளியொன்றைச் சேர்ந்த குழந்தைகள் சிலர், தங்கள் உடம்பையும் மறைக்குமளவு பெரிய கிற்றார்களை மடியில் ஏந்தி, ஒருசேர வாசிக்கும் காட்சி அது. உலகெங்கும் பலர் பார்த்து வியந்ததும் வாதிட்டதுமான படம் அது. விரல்கள் தந்திகளில் ஓடுகின்றன. ஒரு சுரமும் பிசகவில்லை. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் சாய்கின்றன. எல்லா முகங்களிலும் ஒரே புன்னகை.

படம் முடிந்ததும் அந்தச் சிறிய சபை இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியரொருவர், "பயிற்சி இருந்தால் மனிதனுக்கு ஆகாதது எதுவுமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?" என்று பரவசப்பட்டார். திண்ணையிலிருந்த நண்பரின் தாயாரோ, "அதுகளின்ர சிரிப்பைப் பாருங்கோ, தம்பி. எல்லாம் ஒரே அச்சில வார்த்த மாதிரிக் கிடக்கு. எனக்கெண்டால் பயமாயிருக்குது" என்றார். விளக்கு வைக்கும்வரை வாதம் நடந்தது. அதன்பின்பே நண்பர் தயங்கித் தயங்கித் தம் மனத்திலிருந்ததை வெளியிட்டார். அவருடைய எட்டு வயது மகன் தேவாலயப் பாடகர் குழுவின் பழைய கிற்றாரொன்றை ஒரு வருடமாக வாசித்து வருகிறான். கேட்டவரெல்லாம் புகழ்கிறார்கள். "பெடியனைத் தொலைக்காட்சிப் போட்டிக்கு அனுப்பலாமோ, மாஸ்ரர்? நீங்கள்தான் சொல்லவேணும்."

வன்னிப் பாடசாலைகளில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இசை கற்பித்தவன் நான். ஆயினும் அந்தக் கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அடுத்த கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்த ஒரு கிழமை சிந்தித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பால மேதைகளைக் கண்டு உலகம் இரு மனப்படுவது புதிதன்று. நம் இசையுலகில் இதற்கு மிக அண்மைய உதாரணம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். ஆந்திராவின் பாலகொல் என்னும் ஊரில் 1969 ஆம் ஆண்டு பிறந்த அவர், ஆறு வயதில் தந்தையாரின் மாண்டலினை எடுத்து மீட்டத் தொடங்கினார். மாண்டலின் கிற்றாரின் நெருங்கிய உறவுக் கருவி, கழுத்துக் குறுகியது, பிஞ்சு விரல்களுக்கு எட்டக்கூடியது. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு பாடுவார், சிறுவன் அதைக் கேட்டுத் தந்தியிற் கொண்டுவருவான். 1978 இல், ஒன்பது வயதில், குடிவாடாவில் நடந்த தியாகராஜ விழாவில் அரங்கேறினார். 1981 இல் சென்னை சபையொன்றின் மேடைக்கு வந்தார். 1983 இல் பெர்லின் ஜாஸ் விழாவிலே வாசித்தார்.

அன்று எழுந்த ஐயங்கள் சாதாரணமானவையல்ல. மாண்டலினின் கழுத்தில் மெட்டுகள் பதித்திருக்கின்றன. ஒவ்வொரு மெட்டும் ஒரு சுரத்தில் நிற்கும். நமது சங்கீதத்தின் உயிரோ சுரத்துக்குச் சுரம் நழுவியும் அசைந்தும் செல்லும் கமகத்தில் இருக்கிறது. மேலைநாட்டு மாண்டலினில் தந்திகள் இரட்டை இரட்டையாகப் பூட்டப்பட்டவை. அவற்றை இழுத்து வளைப்பது கடினம். இந்தக் கருவியிலா தோடி என்று பெரியோர் கேட்டது நியாயமே. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை நீக்கி, ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டி, மின்சாரத்தின் துணையால் நாதத்தை நீளச் செய்து, அந்தக் கேள்விக்குக் கையால் விடையளித்தார். ஆனால் மற்றொரு ஐயம் எளிதில் அடங்கவில்லை: மக்கள் கேட்க வருவது இசையையா, அல்லது சிறுவனையா?

எனக்கு அந்த ஐயம் எழாமற்போனதற்குக் காரணம் எங்கள் வறுமைதான். தொண்ணூறுகளில் வன்னிக்குள் மின்கலங்கள் வருவது தடைப்பட்டிருந்தது. மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, தைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. ஓரிரவு திருச்சி வானொலியில் மாண்டலின் ஒலித்தது. ஒருவர் மிதிகட்டையைச் சுழற்ற, மற்றவர்கள் சூழ இருந்து கேட்டோம். சுழற்றியவரின் கை சோர்ந்தபோது நாதமும் சோர்ந்தது. மீண்டும் வேகம் பிடித்தபோது மீண்டும் எழுந்தது. வாசித்தவர் பத்து வயதுப் பாலகனா, எழுபது வயது முதியவரா என்பதைப் பற்றி அங்கிருந்த எவரும் எண்ணவில்லை. கண் வயதைப் பார்க்கும். காதுக்கு வயது தெரியாது. அன்று நாங்கள் காதால் மட்டுமே அவரை அறிந்தோம். 1998 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்ததும், 2014 இல் நாற்பத்தைந்தே வயதில் அவர் மறைந்ததும் பின்னர் வந்த செய்திகள். சிறுவன் என்ற வியப்பு நீங்கிய பின்பும் முப்பது ஆண்டுகள் அவரை உலகம் கேட்டது. பால மேதைமையின் முதற் சோதனை இதுவே என்று கருதுகிறேன். வயதைக் கழித்துவிட்ட பின்பு எஞ்சுவது எதுவோ, அதுவே இசை.

இரண்டாவது சோதனையொன்று உண்டு. அதை எனக்கு உணர்த்தியது ஒரு பூனை.

1765 ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுவனாக இலண்டனில் இருந்த மொஸார்ட்டைப் பரீட்சிக்க டெயின்ஸ் பாரிங்டன் என்னும் சட்ட அறிஞர் சென்றார். சிறுவனின் தந்தை மகனுடைய வயதைக் குறைத்துச் சொல்லி ஊரூராகக் காட்டிப் பணம் சேர்க்கிறார் என்ற பேச்சு அப்போது இருந்தது. விளம்பரங்களில் வயது ஓராண்டு குறைந்திருந்ததும் உண்மையே. பாரிங்டன் முன்பின் கண்டிராத இசைத்தாள்களைச் சிறுவன்முன் வைத்தார்; அவன் தடையின்றி வாசித்தான். ஆயினும் அவன் உண்மையிற் சிறுவன்தான் என அவர் தெளிந்ததற்கு இசை மட்டும் காரணமன்று. வாசித்துக்கொண்டிருக்கையில் அவனுக்குப் பிரியமான பூனையொன்று அறைக்குள் வந்தது. உடனே வாத்தியத்தைக் கைவிட்டுப் பூனையிடம் போனவனை, மீண்டும் அழைத்துவர நெடுநேரம் பிடித்தது. சிலவேளை தடியொன்றைக் கால்களுக்கிடையே வைத்துக் குதிரையோட்டி அறையைச் சுற்றி வந்தான். பிற்காலத்தில் இலண்டன் றோயல் சங்கத்துக்கு அளித்த அறிக்கையில் பாரிங்டன் இவற்றையும் எழுதி வைத்தார்.

திண்ணையிலிருந்த மூதாட்டியின் அச்சம் எனக்கு இப்போது விளங்குகிறது. அந்த அசைபடத்துக் குழந்தைகள்முன் ஒரு பூனை வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு தலையாவது திரும்பியிருக்குமா? அவர்களுடைய இல்லங்களையும் உள்ளங்களையும் நான் அறியேன். அவர்கள் மகிழ்ச்சியோடே வாசித்திருக்கவும் கூடும். ஆனால் ஒரே அளவிலான சிரிப்பைக் காணும்போது, அதற்கு அளவெடுத்த பெரியவர் ஒருவர் படத்துக்கு வெளியே நிற்பதாகத் தோன்றுகிறது. குழந்தைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, அவர்கள் வயதுக்கு மிஞ்சிய பொருள்களைக் கையிற் கொடுப்பதன் விலையை இந்த மண் அறியும். அதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பிறரைப் பற்றி இவ்வளவு சொன்னவன் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். என்னிடம் முன்பு ஒரு மாணவி இருந்தாள். பத்து வயது. ஒருமுறை கேட்ட உருப்படியை மறுமுறை பிழையின்றிப் பாடுவாள். கோட்டம், வலயம், மாகாணம் என்று ஒவ்வொரு போட்டிக்கும் நான் அவளை அழைத்துச் சென்றேன். அவள் முதலிடம் பெற்றபோதெல்லாம் மாலை என் கழுத்தில் விழுந்தது போலவே மகிழ்ந்தேன். ஒருமுறை காய்ச்சலோடும் மேடையேற்றினேன். பதின்மூன்றாவது வயதில் அவள் பாடுவதையே விட்டுவிட்டாள். கேட்டால் மௌனம். இடம்பெயர்வுகளில் நாங்கள் திசைக்கொருவராகச் சிதறினோம். பல ஆண்டுகளின் பின்னர் பரந்தன் சந்தியில், கையில் ஒரு குழந்தையோடு அவளைக் கண்டேன். "இப்போது பாடுவதுண்டா, பிள்ளை?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "இவனை நித்திரையாக்கப் பாடுறனான், சேர். இப்பதான் எனக்குப் பாட விருப்பமாயிருக்கு. ஒருத்தரும் புள்ளி போடுறேல்லை" என்றாள். அவள் என்னைக் குறை கூறவில்லை. அதனாலேயே அந்தச் சொல் இன்னும் என்னுள்ளே கிடக்கிறது.

இந்த நினைவுகளோடு அடுத்த கிழமை உருத்திரபுரம் சென்றேன். "இப்போது அனுப்பவேண்டாம்" என்று கூறவே போயிருந்தேன். நான் கூறியதை நண்பர் அமைதியாகக் கேட்டார். தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவியே மறுமொழி சொன்னார். "மாஸ்ரர், நீங்கள் சொல்லுறது சரிதான். ஆனால் எங்கட பிள்ளையளுக்கு வேற எந்தக் கதவு திறந்து கிடக்கு? கில்மிஷா வெண்ட அண்டைக்கு இந்த ஒழுங்கையெல்லாம் வெடி கொளுத்தினவை. அந்தப் பிள்ளை போகாமல் இருந்திருந்தால் ஆருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

அரியாலைச் சிறுமி கில்மிஷா 2023 டிசம்பரில் தமிழகத் தொலைக்காட்சியின் சிறுவர் இசைப் போட்டியில் முதலிடம் பெற்றபோது வடபுலமெங்கும் பொங்கிய மகிழ்ச்சியை நானும் கண்டவன், நானும் மகிழ்ந்தவன். அந்தத் தாயின் கேள்வி நியாயமானது. ஸ்ரீநிவாஸின் குடும்பமும் மகனுக்காகச் சென்னைக்கு இடம்பெயர்ந்ததன்றோ? தூரத்து மேடையைக் குறை கூறிவிட்டு, அருகில் ஒரு மேடையையும் அமைக்காதிருப்பவர் அறிவுரை சொல்லத் தகுதியுடையவரல்லர். அந்தக் கூற்றின்முன் நான் சிறிது நேரம் வாய்மூடி இருந்தேன்.

அப்போது எனக்குக் காத்தவராயன் கூத்து நினைவுக்கு வந்தது. நேர்த்திக்காக விடிய விடிய ஆடப்படும் அந்தக் கூத்தில் காத்தவராயனாக ஒருவரே வருவதில்லை. பாலகாத்தான், ஆதிகாத்தான், பின்காத்தான் எனப் பருவத்துக்கொருவர் வருவர். பாலகாத்தானாக வருபவன் சிறுவன். அவன் சிறுவனுக்குரிய பாட்டைப் பாடி, சிறுவனுக்குரிய ஆட்டத்தை ஆடுவான். சபை அவனைக் கண்டு மகிழும். அவன் பகுதி முடிந்ததும் மற்றொருவர் அந்தப் பாத்திரத்தை ஏற்றுக்கொள்வார். ஒப்பனை கலையாத முகத்தோடு தாயின் மடியில் அந்தச் சிறுவன் உறங்குவதை நான் எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். விடியும்வரை கூத்தைச் சுமக்கும்படி அவனிடம் எவரும் கேட்பதில்லை. குழந்தையை மேடையேற்றும் கலையை நம் மூதாதையர் அறிந்திருந்தார்கள். இறக்கும் கலையையும் அறிந்திருந்தார்கள்.

ஆகவே நண்பரிடம் மாற்றிச் சொன்னேன். பையனை மேடையேற்றுங்கள். முதலில் ஊர்த் திருவிழாவில், சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில், பத்து நிமிடம். முழு அளவுக் கிற்றாரின் உருக்குத் தந்தி அவன் விரலை அறுக்கிறது. அரை அளவிலும் கால் அளவிலும் கிற்றார்கள் உண்டு. நைலோன் தந்தி பூட்டிய ஒன்றை வாங்கிக் கொடுங்கள். கிழமைக்கு இரண்டு நாள் நான் வந்து சுரமும் தாளமும் சொல்லித் தருகிறேன். போட்டிக்குப் போக விரும்புகிறானா என்பதை அவனிடமே கேளுங்கள். 'இல்லை' என்று அவன் சொன்னால் வீட்டில் எவரும் முகஞ்சுளிக்கக்கூடாது. 'இல்லை' என்று சொல்லும் உரிமையுள்ள பிள்ளை 'ஓம்' என்று சொன்னால், அதன்பின் எந்த மேடைக்கும் அனுப்பலாம்.

நண்பர் முழுமனத்தோடு ஒப்பினார் என்று சொல்வதற்கில்லை. விண்ணப்பப் படிவம் இன்னமும் அவர் வீட்டு மேசையில் இருக்கிறது. ஆனால் பாடம் தொடங்கிவிட்டது. சென்ற செவ்வாய்க்கிழமை அரைமணி நேரம் வாசித்த பின்னர், படலைக்கு வெளியே பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் கேட்டது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். கிற்றாரைச் சுவரிற் சாய்த்துவிட்டு ஓடினான்.

நான் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை அவன் திரும்பி வரவில்லை. வியாழக்கிழமை நான் போனபோது, எனக்கு முன்பே தந்தியைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தான்.